ஓட்டிப் பார்க்குறதுக்கு முன்னாடி ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்க

ஆஃபர் லெட்டர் வந்த வாரமே மொபைல்ல செகண்ட் ஹேண்ட் கார் தேட ஆரம்பிச்சுட்டீங்களா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நானும் தேடினேன். மெக்கானிக்கல், கடைசி வருஷம், வீடு கீழ்க்கட்டளை. இன்டர்ன்ஷிப் காசு, அப்பா தர்றேன்னு சொன்ன தொகை எல்லாம் சேர்த்து கையில இரண்டு லட்சம். அந்தக் காசுக்கு நான் ஆசைப்பட்டுப் போய்ப் பார்த்தது ஒரு ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ், 2009 மாடல். அந்த ஒரு காலையில கத்துக்கிட்டதை இங்கே எழுதுறேன்.

ஏன் இந்தக் கார்?

சின்ன செடான், ஆனா ஓட்டுறவங்களுக்காகச் செஞ்சது. இந்த வகைக்கு நம்ம ஊர்ல ஒரு வரலாறே இருக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டுல தாம்பரம், கூடுவாஞ்சேரி தாண்டினா மறைமலை நகர். அங்கே இருந்த ஃபோர்டு ஆலையில இருந்துதான் 1999-ல் ஐகான் வந்துச்சு, 2005-ல் ஃபியஸ்டா வந்துச்சு. 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தப் போறதா அந்தக் கம்பெனி அறிவிச்சது. அதனால இந்தக் கார் வாங்குறவங்க முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, "பார்ட்ஸ் கிடைக்குமா?" ஃபில்டர், பிரேக் பேடு மாதிரி அடிக்கடி மாத்துற பொருள் கிடைக்கும். உள்ளே இருக்குற பிளாஸ்டிக், சின்னச் சின்ன சுவிட்ச் எல்லாம் தேடி அலையணும். எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் சொன்னது இது.

கொஞ்சம் கணக்கு போடுவோம்

1.6 பெட்ரோல் இன்ஜினோட பவர் 6,500 ஆர்பிஎம்ல 101 பிஎஸ். டார்க் 3,400 ஆர்பிஎம்ல 146 நியூட்டன் மீட்டர். டர்போ கிடையாது. இந்த இரண்டு எண்ணை வச்சே வண்டி எப்படி ஓடும்னு சொல்லலாம். ஃபார்முலா உங்களுக்கே தெரியும்: டார்க்கை ஆர்பிஎம்மால பெருக்கி 9,549-ஆல வகுத்தா கிலோவாட்.

3,400-ல் போட்டுப் பாருங்க, சுமார் 52 கிலோவாட், அதாவது 71 பிஎஸ் தான் வரும். மீதி 30 பிஎஸ் அதுக்கு மேல இருக்கு. இப்போ ரிவர்ஸ்ல போங்க. 6,500-ல் 101 பிஎஸ் வரணும்னா டார்க் சுமார் 109 போதும். டார்க் குறையுது, ஆனா சுத்துற வேகம் அதைவிட வேகமா ஏறுறதால பவர் ஏறிக்கிட்டே போகுது. ஓட்டுறவங்களுக்கு இதோட அர்த்தம்: கியரை இறக்கி, இன்ஜினைச் சுத்த விட்டாத்தான் வண்டி பறக்கும். இன்னைக்கு ஃபோக்ஸ்வாகன் விர்டஸ்ல வர்ற 1.0 டர்போ இதுக்கு நேர் எதிர். 178 நியூட்டன் மீட்டர் 1,750 ஆர்பிஎம்லயே வந்துடும். டிராஃபிக்ல டர்போ சுலபம். பழைய இன்ஜின்ல நீங்க வேலை செய்யணும். அந்த வேலையிலதான் சந்தோஷமே.

ரேடியல் ரோட்டுல இருபது நிமிஷம்

ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணி. வண்டிக்காரர் எங்க ஏரியாவுக்குப் பக்கத்து ஏரியாதான், நல்ல மனுஷன். சாவியைக் கையில கொடுத்துட்டார். அப்பா பின்னாடி உட்கார்ந்தார். கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டுல ஏறி, கோவிலம்பாக்கம் வழியா நாராயணபுரம் ஏரி வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம்.

முதல் விஷயம் ஸ்டீயரிங். இது ஹைட்ராலிக். இப்போ வர்ற எலக்ட்ரிக் ஸ்டீயரிங் மாதிரி பஞ்சா இருக்காது, முன் டயர் ரோட்டைப் பிடிக்குறது உள்ளங்கைக்குத் தெரியும். இரண்டாவது, சஸ்பென்ஷன். எஸ் மாடல்ல ஸ்ப்ரிங்கும் டேம்பரும் கெட்டி. சின்னப் பள்ளத்துல முதுகுக்குத் தெரியும், ஆனா லேன் மாத்தும்போது வண்டி சாயாம ஒரே துண்டா நகரும். மூணாவது கியர்ல 4,000 தாண்டினதும் சத்தம் மாறிச்சு. என் முகத்துல சிரிப்பு. அந்த நிமிஷமே மனசுக்குள்ள வண்டியை வாங்கிட்டேன்.

இங்கேதான் நான் தப்பு பண்ணேன். திரும்பி வரும்போது கிளட்ச் கொஞ்சம் மேல பிடிச்சது. ஸ்பீட் பிரேக்கர்ல முன்னாடி இடது பக்கம் ஒரு "டொக்" கேட்டுச்சு. இரண்டுமே காதுல விழுந்தது. "அது சின்ன புஷ் தான், மாத்திக்கலாம்"னு நானே எனக்குப் பதில் சொல்லிக்கிட்டேன். டெஸ்ட் டிரைவ் முடிஞ்சதும் நீங்க இன்ஜினியர் இல்ல, வண்டிக்கு வக்கீல்.

டிக்கிக்குள்ள இருந்த மண்

வண்டியை நிறுத்தினதும் அப்பா இறங்கி டிக்கியைத் திறந்தார். "ஸ்டெப்னியைத் தூக்குடா"ன்னார். தூக்கினேன். கீழே இருந்த குழியில, போல்ட்டைச் சுத்தி, மாவு மாதிரி மெல்லிசா காய்ஞ்ச வண்டல். அப்புறம் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். மேல கறுப்பா இருந்த பெல்ட்ல, கடைசி ஒரு அடி மட்டும் பழுப்பு. முன் சீட்டுக்கு அடியில ரெயில் போல்ட் எல்லாம் துரு.

நம்ம பக்கத்து ஊர்களோட கதை இது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினா தண்ணி நாராயணபுரம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. வழியில இருக்குற தெருவெல்லாம் பள்ளம். 2015 டிசம்பர் மழை, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இரண்டையும் பார்த்த வண்டி அது. வண்டிக்காரர் 2018-ல் வாங்கின இரண்டாவது ஓனர். தண்ணி எப்போ ஏறிச்சுன்னு தனக்குத் தெரியாதுன்னார். உண்மையாவும் இருக்கலாம்.

தண்ணி ஏறின வண்டி ஏன் பயம்? இரண்டு காரணம். ஒண்ணு, காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணா பிஸ்டன் பாதியிலேயே முட்டி நிக்கும், கனெக்டிங் ராடு வளையும். லேசா வளைஞ்ச ராடோட வண்டி மாசக்கணக்கா ஓடிட்டு ஒரு நாள் உடையும். இரண்டாவது, வயரிங். கனெக்டருக்குள்ள போன ஈரம் செம்பைப் பச்சையா அரிச்சுக்கிட்டே இருக்கும். இன்னைக்கு ஹார்ன், அடுத்த மாசம் ஃபேன், அப்புறம் ஏர்பேக் விளக்கு. எதையும் நம்ப முடியாது.

அதனால வரிசையை மாத்துங்க

முதல்ல பாருங்க, கடைசியா ஓட்டுங்க. நான் இப்போ வச்சிருக்குற வரிசை இது.

1. போறதுக்கு முன்னாடி "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க"ன்னு சொல்லிடுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, ஸ்டார்ட்டிங் பிரச்சினையை மறைக்கப் பார்க்குறாங்களோன்னு சந்தேகப்படலாம்.

2. ஸ்டெப்னி குழி, சீட் பெல்ட் அடி, சீட் ரெயில், கார்ப்பெட்டுக்கு அடியில. விரலும் மூக்கும் போதும், டூல்ஸ் வேண்டாம்.

3. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319-னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. ரப்பர் ஓடாமலே கெட்டியாகும். கெட்டி டயர்ல எந்த ஸ்போர்ட்ஸ் செடானும் ஸ்போர்ட்ஸ் இல்ல.

4. டைமிங் பெல்ட் எப்போ மாத்தினாங்க? இந்த இன்ஜின்ல அது ரப்பர் பெல்ட். பில் இல்லைன்னா மாத்தலைன்னே கணக்கு வச்சு விலையில கழிங்க.

5. கோல்டு ஸ்டார்ட் புகை. நீலம்னா ஆயில் எரியுது. கறுப்புன்னா பெட்ரோல் அதிகம். வெள்ளைப் புகை நிக்காம வந்தா கூலன்ட் உள்ளே போகுதான்னு பார்க்கணும்.

6. பழைய வண்டிகள் இ20 பெட்ரோலுக்காகச் செஞ்சது இல்ல. எத்தனாலுக்கு எனர்ஜி கம்மி, மைலேஜ் குறையும். பழைய ரப்பர் ஹோஸ், சீல் எல்லாத்தையும் பார்க்கச் சொல்லுங்க.

7. பேப்பர். 15 வருஷம் தாண்டின வண்டின்னா எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பிச்சிருக்காங்களா? 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு அந்தக் கட்டணம் 600-ல் இருந்து 5,000 ரூபாய் ஆயிடுச்சு. பேர் மாத்த ஃபார்ம் 29, ஃபார்ம் 30. பழைய லோன் இருந்தா ஃபார்ம் 35-ம் வேணும். இன்சூரன்ஸை வாங்கின 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தக் கேளுங்க. நோ கிளெய்ம் போனஸ் வண்டியோட வராது, அது பழைய ஓனருக்குத்தான்.

8. இதெல்லாம் தேறினா மட்டும் சாவியை வாங்குங்க. நாலாவது கியர்ல 2,000-ல் இருந்து முழுசா மிதிங்க. ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் போச்சு. காலியான நேர் ரோட்டுல பிரேக் போட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

கடைசியா

வாங்கல. கிளட்ச், பெல்ட், டயர், புஷ் எல்லாம் சேர்த்து மெக்கானிக் அண்ணன் அறுபதாயிரம் சொன்னார். வயரிங்கு மட்டும் அவர் விலையே சொல்லல. அப்பா வண்டிக்காரர்கிட்ட நன்றி சொல்லிட்டு வந்துட்டார். வழியில என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை: "நல்லாத்தான்டா ஓடுச்சு."

உண்மைதான், நல்லா ஓடுச்சு. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது அந்தத் தெருவுல இன்னும் அது நிக்குது, நானும் திரும்பிப் பார்க்குறேன். இரண்டு லட்சம் அப்படியே பேங்க்ல இருக்கு. அடுத்து வேளச்சேரியில ஒரு வண்டி இருக்காம். இந்தத் தடவை டார்ச் எடுத்துட்டுப் போறேன்.