ஆயில் குடிக்கும் பழைய எஞ்சினுக்கு எந்த ஆயில்?

மின் இணைப்பு இல்லாத கிணறுகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் இன்றும் 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்கள் தண்ணீர் இறைத்துத் தருகின்றன. இவற்றுள் பல, வாங்கிப் பல ஆண்டுகள் ஆனவை. நீலப் புகை வருகிறது, ஆயில் மட்டம் வாரத்துக்கு வாரம் இறங்குகிறது என்பது இவற்றைப் பற்றி விவசாயிகள் சொல்லும் வழக்கமான குறை. "30 நம்பர் ஊற்றுகிறேன், நிற்கவில்லை. 40 ஊற்றலாமா, 50 ஊற்றலாமா? கொஞ்சம் கியர் ஆயில் கலக்கலாமா?" என்று கேட்பார்கள்.

ஒரு படி கெட்டியான ஆயில் ஓரளவு தேய்ந்த எஞ்சினை ஒரு பருவம் ஓட்ட உதவும். ஆனால் தேய்மானத்தை அது சரி செய்யாது. ஆகவே ஆயில் எங்கே போகிறது, எவ்வளவு போகிறது என்று அறிந்த பிறகே நம்பரை மாற்ற வேண்டும்.

நம்பரின் பொருள் என்ன?

டப்பாவில் எஸ்.ஏ.இ. என்ற எழுத்துகளை அடுத்து வரும் எண், ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். சூடான எஞ்சினில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை 100 டிகிரி சென்டிகிரேடில் அளந்து இந்த எண்ணைத் தருகிறார்கள். அளவு சென்டிஸ்டோக் என்ற அலகில் கூறப்படும். 30 நம்பர் ஆயில் 9.3 முதல் 12.5 வரையிலும், 40 நம்பர் 12.5 முதல் 16.3 வரையிலும், 50 நம்பர் 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்கும்.

20டபிள்யூ-40 என்று இரண்டு எண்கள் இருந்தால், 'டபிள்யூ' சேர்ந்த முதல் எண் குளிர் காலத்துக்கு உரியது. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவதற்கான சோதனையை 20டபிள்யூ ஆயிலுக்கு உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியிலும், 15டபிள்யூ ஆயிலுக்கு 20 டிகிரியிலும் செய்கிறார்கள். நம் சமவெளிகளில் அத்தகைய குளிர் கிடையாது. நமக்கு முக்கியம் இரண்டாவது எண்ணே. 15டபிள்யூ-40 ஊற்றியவர் 20டபிள்யூ-40க்கு மாறினால், சூட்டில் இரண்டுமே 40 நம்பர்தான். ஆயில் செலவு பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கெட்டித்தன்மை வேறு, தரம் வேறு. ஏ.பி.ஐ. தரக் குறியீட்டில் டீசல் எஞ்சின் ஆயிலுக்கு 'சி' என்றும், பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்கு 'எஸ்' என்றும் எழுத்து தொடங்கும். நம்பரை மாற்றும்போது, கைப்புத்தகத்தில் கூறிய தரத்துக்குக் குறைந்த ஆயிலை வாங்கிவிடக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியவை

1. வெளிக்கசிவு: எஞ்சினைத் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஆயில் சீல், பேக்கிங், வடிகால் போல்ட் ஆகிய இடங்களில் ஈரம் தெரிந்தால் அதைச் சரி செய்யுங்கள். ஒழுகும் ஆயிலுக்கு நம்பர் மாற்றுவது மருந்தாகாது.

2. மட்டம்: எஞ்சின் சமமாக நிற்க வேண்டும். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியில் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் மிகுந்த ஆயில் சிலிண்டருக்குள் ஏறி எரியும்.

3. ஏர் கிளீனர்: ஆயில் ஊற்றும் வகை ஏர் கிளீனரில் கோட்டுக்கு மேல் ஊற்றினால் காற்றோடு ஆயிலும் உள்ளே உறிஞ்சப்பட்டு நீலப் புகை வரும். ஆயில் குறைந்தாலும், அடியில் சேறு கட்டினாலும் வயல் புழுதி உள்ளே போய் ரிங்கையும் லைனரையும் அறுக்கும். பல எஞ்சின்கள் ஆயில் குடிக்கத் தொடங்குவது இந்தப் புழுதியால்தான்.

4. டீசல் கலப்பு: ஆயில் மட்டம் குறையாமல் ஏறினால், அல்லது ஆயிலில் டீசல் வாடை வீசினால் எஞ்சினை ஓட்ட வேண்டாம். டீசல் இறங்கி ஆயில் நீர்த்துவிட்டது. ஒழுகும் இடத்தைச் சரி செய்து ஆயிலை மாற்றுங்கள்.

5. புகை வரும் நேரம்: காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப் புகை வந்து பிறகு தெளிந்தால், வால்வு கைடு தேய்ந்திருக்கக் கூடும். பாரத்தில் தொடர்ந்து நீலப் புகை வந்து, எஞ்சின் பக்கத்தில் உள்ள காற்றுப்போக்கிக் குழாயிலும் புகை தள்ளினால் ரிங், லைனர் தேய்மானம் என்று கொள்ளலாம். கரும்புகைக்குக் காரணம் ஆயில் அல்ல. டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு.

செலவை அளந்து பாருங்கள்

ஒரு சிறு நோட்டில் ஓடிய மணி, ஊற்றிய டீசல், ஊற்றிய ஆயில் மூன்றையும் 50 மணி நேரத்துக்கு எழுதி வாருங்கள். நல்ல நிலையில் உள்ள எஞ்சின், டீசல் செலவில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஆயில் எடுக்கக் கூடாது. அதாவது ஒரு லிட்டர் டீசலுக்கு 10 மி.லி. ஆயில். எடுத்துக்காட்டாக, 50 மணியில் 55 லிட்டர் டீசலும் 1.1 லிட்டர் ஆயிலும் செலவானால், லிட்டருக்கு 20 மி.லி. ஆகிறது. இது நல்ல நிலையைப் போல் இரு மடங்கு.

10 மி.லி.க்குள் இருந்தால் ஆயிலை மாற்றத் தேவையில்லை. 10 முதல் 30 மி.லி. வரை இருந்தால் ஒரு படி கெட்டியான ஆயிலை முயலலாம் என்பது நான் விவசாயிகளுக்குச் சொல்லும் கணக்கு. அதற்கு மேல் போனால் எந்த நம்பரும் உதவாது. எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எப்படி மாற்றுவது?

30 நம்பர் ஊற்றி வந்தவர் 40க்கு மாறலாம். 40 ஊற்றி வந்தவர், கைப்புத்தகம் அனுமதித்தால் மட்டும் 50க்கோ 20டபிள்யூ-50க்கோ மாறலாம். ஒரே தாவலில் 30இலிருந்து 50க்குப் போக வேண்டாம். பழைய ஆயிலைச் சூட்டோடு முழுவதும் வடித்து, பில்டர் இருந்தால் மாற்றி அல்லது கழுவி, புது ஆயில் ஊற்றி மீண்டும் 50 மணி அளந்து பாருங்கள். செலவு நன்றாகக் குறைந்தால் தொடருங்கள். குறையாவிட்டால் பழைய நம்பருக்கே திரும்புங்கள்.

மிகவும் கெட்டியான ஆயில், எஞ்சின் கிளம்பும் வேளையில் பேரிங்குக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். எஞ்சின் இழுத்து ஓடும், டீசலும் கூடுதலாகும். கரண்டி போன்ற துண்டு ஆயிலை வாரி இறைக்கும் வகை எஞ்சின்களில் ஆயில் எல்லா இடத்துக்கும் சரியாகத் தெறிக்காது. டர்போ உள்ள டிராக்டர்களுக்குக் கைப்புத்தகத்தில் கூறிய ஆயிலைத் தவிர வேறு ஊற்றக் கூடாது.

கியர் ஆயில் கலக்காதீர்கள்

90 நம்பர் கியர் ஆயில், 40ஐப் போல் இரு மடங்கு கெட்டி என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. கியர் ஆயிலின் எண் வரிசையே வேறு. 90 நம்பர் கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 நம்பர் எஞ்சின் ஆயில் அளவே கெட்டியானது. கரியைக் கழுவி எடுக்கும் மருந்து அதில் இல்லை. கந்தகம் சேர்ந்த மருந்து உண்டு. அது சூட்டில் செம்பு கலந்த புஷ்களை அரிக்கலாம். ஆமணக்கு எண்ணெய், கழிவு ஆயில் ஆகியவற்றையும் கலக்க வேண்டாம்.

ஓர் அனுபவம்

காவிரிக் கடைமடையில் ஒரு விவசாயி 50 நம்பருடன் கியர் ஆயிலைக் கலந்து ஊற்றினார். புகை குறைந்தது. நோய் தீர்ந்தது என்று எண்ணி, அளவுக் கம்பியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சம்பா நெல் பூக்கும் தருணத்தில் ஆயில் வற்றி எஞ்சின் பிடித்துக்கொண்டது. கிராங்க் தண்டும் பேரிங்கும் கெட்டன. எஞ்சின் பட்டறையில் கிடந்த நாள்களில் வயல் வெடித்தது; பதர் மிகுந்தது. முதலிலேயே ரிங் மாற்றியிருந்தால் அறுவடைக்குப் பின் முடிந்திருக்கக் கூடிய வேலை அது.

ஆயில் குடிக்கும் எஞ்சின்கள் பெரும்பாலும் வீணாவது, ஊற்றிய ஆயில் மெல்லியது என்பதால் அல்ல. ஆயில் இல்லாமல் ஓடுவதால்தான். எந்த நம்பர் ஊற்றினாலும், தினமும் கிளப்பும் முன் மட்டம் பாருங்கள். குறைந்ததை ஊற்றி வருவதால் ஆயில் மாற்றும் கெடு தள்ளிப் போகாது. கரியும் அழுக்கும் உள்ளேயே தங்கியிருக்கும். வடித்த ஆயிலைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டாமல், டப்பாவில் சேர்த்து எடுப்பவரிடம் கொடுங்கள்.

எஞ்சினைப் பிரிக்கும்போது லைனர் தேய்மானத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போட்டால் பணம் வீண். வேலை முடிந்த பிறகு, பழக்கத்தில் கெட்டி ஆயிலையே ஊற்றாமல் கைப்புத்தகத்தில் உள்ள நம்பருக்குத் திரும்ப வேண்டும். தண்ணீர் தேவை இல்லாத கோடையில் இந்த வேலையை முடித்துக்கொண்டால், பயிர் காலத்தில் எஞ்சின் கைவிடாது.