கேப்டன் வராத அணி: எதை மாற்றலாம், எதை விடலாம்

வாலிபாலுக்கு ஆறு பேர் வேண்டும். டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் ஆள் குறைந்தால் ஒன்பது பேரை வைத்தாவது ஒப்பேற்றிவிடலாம். வாலிபாலில் ஐந்து பேர் போய் நின்றால் ஆட்டமே கிடையாது. நேரத்துக்குக் களமிறங்காத அணிக்கு விதிப்படி ஒவ்வொரு செட்டும் 0–25. மலையூரான ஜமுனாமரத்தூரில் காலை எட்டு மணிக்கு முதல் ஆட்டம் என்றால், அணிப் பசங்க இருட்டோடு பைக்கில் கிளம்பி மலைப்பாதையில் வந்து சேர்ந்துவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் கட்டிய ரசீதும் ஆட்டக்காரர் பட்டியலும் கேப்டனிடம் இருக்கும். கேப்டன் மட்டும் இருக்கமாட்டார். போன் செய்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

இப்படி ஒரு கேப்டன் வாய்த்த அணிக்கு வழி ஒன்றல்ல, நாலைந்து உண்டு. ஆனால் பெரும்பாலான அணிகள் ஒன்றும் செய்யாமல் இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டு, பிறகு ஒரே நாளில் சண்டை போட்டு இரண்டாக உடைகின்றன. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் அவர் எதில் தவறுகிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஊர் அணியில் கேப்டன் என்பது மூன்று வேலை. ஆள் திரட்டி, பெயர் கொடுத்து, வண்டி ஏற்பாடு செய்வது ஒன்று. கட்டணமும் பரிசுப் பணமும் கையாள்வது இன்னொன்று. களத்தில் நின்று ஆட்டத்தை நடத்துவது மூன்றாவது. பெரிய சங்கங்களில் இதற்கு மேலாளர், பொருளாளர், கேப்டன் என்று மூன்று பேர் இருப்பார்கள். நம் ஊரில் நன்றாக ஸ்மாஷ் அடிக்கிறார் என்பதற்காக மூன்றையும் ஒருவர் தலையில் கட்டிவிடுகிறோம். அவர் பந்தடிக்கத் தெரிந்தவர். கணக்கு எழுதுவார் என்று யார் சொன்னது?

வராததற்குக் காரணமும் பல நேரம் சோம்பல் இல்லை. மலையில் சாமை அறுப்பு, மாசி பங்குனியில் புளி உலுக்கல், மற்ற மாதங்களில் திருப்பூரோ கேரளாவோ போய்க் கூலி வேலை. பொங்கலுக்கு ஊரில் இருப்பவர் சித்திரையில் இருப்பார் என்று சொல்ல முடியாது. அவரைப் பொங்கல் கேப்டன் என்று வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை, கோடைக்கு வேறொருவர் இருந்தால்.

செலவில்லாத வழி, நேரில் பேசிப் பார்ப்பது. இதில் யார் பேசுகிறார் என்பதுதான் எல்லாம். ஊருக்குள் எல்லாரும் பங்காளி அல்லது மாமன் மச்சான். பங்காளி முறைத் தம்பி வாய் திறந்தால் ‘சின்னப் பையன் கேள்வி கேக்கறான்’ என்று ஆகிவிடும். மச்சான் முறைக்காரர் கேலியோடு கேலியாகக் கேட்டால் உறைக்கும், புண்படாது. ஒன்றே ஒன்றை மட்டும் கேட்க வேண்டும்: “மச்சான், வேல இருந்தா வராத, பரவால்ல. முந்தின நாள் ராத்திரிக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடு. நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்.” பழைய கதை எதையும் இழுக்கக் கூடாது. இந்த ஒரு வார்த்தையையும் இரண்டு முறை தவறவிட்டார் என்றால் மூன்றாவது முறை பேசுவது வீண்.

அடுத்த வழிதான் என் கணக்கில் சிறந்தது: கேப்டன் பட்டத்தை அவரிடமே விட்டுவிட்டு வேலைகளைப் பிடுங்கிக்கொள்வது. ஆள் திரட்டும் வேலையை, சுமாராக ஆடினாலும் எல்லாரையும் தட்டி எழுப்பிக் கூட்டி வரக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். அப்படி ஒருவர் எல்லா அணியிலும் உண்டு, பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முதலமைச்சர் கோப்பை மாதிரி இணையத்தில் பதிவு செய்கிற போட்டிகளுக்கு இது இன்னும் அவசியம். அங்கே பொதுப்பிரிவுக்கு 15 முதல் 35 வயது என்று வரம்பு உண்டு. பதிவுக்குக் கடைசி நாளும் உண்டு. போட்டியும் மாவட்ட வாரியாக நடக்கும். மலை ஒன்றுதான் என்றாலும் ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், பீஞ்சமந்தை வேலூர், 2019இல் புது மாவட்டம் பிரிந்தபின் புதூர்நாடு திருப்பத்தூர். மலைக்கு அந்தப் பக்கத்து மச்சானைச் சேர்த்துக்கொண்டு ஆடலாமா கூடாதா என்பதை முன்கூட்டியே கேட்டு வைக்க ஒரு ஆள் வேண்டும். வராத கேப்டன் அதைச் செய்யப் போவதில்லை.

இந்த வழியில் யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. நோட்டீஸில் அவர் பெயர்தான் இருக்கும், டாஸுக்கும் அவர்தான் போவார். வந்தால்.

வராவிட்டால்? அதற்கு வாலிபால் விதியே வழி வைத்திருக்கிறது. அணிக் கேப்டன் களத்தில் இல்லாத நேரத்தில் களத்தில் இருக்கும் வேறொருவரை ஆட்டக் கேப்டனாக அறிவிக்க வேண்டும். பந்து ஆட்டத்தில் இல்லாதபோது நடுவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை அவருக்குத்தான். மற்றவர்கள் கத்தினால் அட்டைதான் மிஞ்சும். எதிர்ப்பைப் பதிவு செய்வதற்கும் அவர் அந்த நேரத்திலேயே வாய் திறந்திருக்க வேண்டும். ஆகவே யார் ஆட்டக் கேப்டன் என்பதை வண்டியில் ஏறும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், கூடவே அவருக்கு அடுத்து யார் என்பதையும். 2025 ஜனவரி சிட்னி டெஸ்டில் ரோகித் சர்மா தானாக ஒதுங்கிக்கொள்ள, பும்ரா தலைமை ஏற்றார். பும்ராவுக்கு முதுகுவலி வந்து ஸ்கேனுக்குப் போனபோது கோலி அணியை நடத்த வேண்டியிருந்தது. இந்திய அணிக்கே மூன்றாவது ஆள் தேவைப்பட்டது.

கேப்டனையே மாற்றுவது பற்றி: மாற்றலாம், ஆனால் போட்டிக்கு நடுவில் வேண்டாம். 2022 ஐபிஎல் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது சென்னை சூப்பர் கிங்ஸில் தோனி பொறுப்பை ஜடேஜாவிடம் கொடுத்தார். எட்டு ஆட்டத்தில் இரண்டே வெற்றி. ஏப்ரல் கடைசியில் பொறுப்பு மறுபடி தோனியிடமே வந்தது. அப்போதும் மிச்சமிருந்த ஆறில் இரண்டுதான் ஜெயித்தார்கள். ஜடேஜா பொறுப்பில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவசரத்தில் மாற்றுவதும் அவசரத்தில் திரும்ப மாற்றுவதும் ஆட்டத்தைச் சரிசெய்யவில்லை, அவ்வளவுதான். ஊர் அணிக்கு நல்ல நேரம், ஒரு போட்டி முடிந்து அடுத்ததற்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால் இருக்கிற இடைவெளி. அப்போது யாரும் தோற்றுப்போன கோபத்தில் இருக்கமாட்டார்கள்.

இதற்கு ஒரே விலக்கு பணம். வசூலித்த கட்டணம் எங்கே, பரிசுப் பணம் எவ்வளவு வந்தது என்று கேட்டால் பதில் இல்லை என்றால், காத்திருக்காமல் அன்றைக்கே அந்த வேலையை மாற்றுங்கள். திருடிவிட்டார் என்று சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. “இனிமே கணக்கு நோட்டு இவன்கிட்ட இருக்கட்டும்” என்றால் போதும். பழைய பாக்கி சில நூறு ரூபாய் என்றால் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அதைக் கிளறினால் வீட்டுப் பெண்கள் வரைக்கும் பேச்சு போகும். பெரிய தொகை என்றால் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு கேளுங்கள், ஆட்டக்களத்தில் அல்ல.

கடைசி வழி பிரிந்து போய் வேறு அணி தொடங்குவது. இளம் பசங்களுக்கு முதலில் தோன்றுவதும் இதுதான். முப்பது வீடு உள்ள ஊரில் நெட்டில் நின்று தடுக்கக்கூடிய உயரமுள்ளவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பிரிந்தால் இரண்டு பக்கமும் நாலு நாலு பேர் நின்றுகொண்டு, பக்கத்து ஊரில் ஆள் தேடுவார்கள். ஆள் தாராளமாக இருக்கிற பெரிய ஊர் என்றால் ஏ அணி, பி அணி என்று ஒரே பெயரில் இரண்டாக இறங்குவது பிரிவினை மாதிரித் தெரியாது, பயிற்சிக்கும் எதிரணி கிடைக்கும். அப்படிச் செய்வதென்றால் நெட்டும் பந்தும் யாரிடம் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். கேப்டன் கைக்காசில் வாங்கியது அவருடையது. வீட்டுக்கு வீடு வசூலித்து வாங்கியது என்றால் அது எந்த அணிக்கும் போகாது, பள்ளிக்கூடத்திலோ ஊர்ப் பொது இடத்திலோ இருக்கட்டும். சாவி மட்டும் ஆளுக்கொன்று.