குடை ஒரு கையில், டேப் ஒரு கையில்: சர்வேக்குப் போறவங்களுக்குச் சில குறிப்புகள்

பாறசாலை, காரோடு, குன்னத்துகால், வெள்ளறடைனு வீடு வீடா ஏறி இறங்குற அக்கா தங்கச்சிகளே! 2011-ல சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புக்கு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செஞ்ச டேப்லெட்டோட ஆள் வந்தப்போ வேடிக்கை பார்த்தோம். இப்போ 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே மொபைல் ஆப்புக்கு வந்தாச்சு. சொந்தக் காசு போட்டு டேப் வாங்குறவங்களுக்காக, நானும் என் நாத்தனாரும் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை எழுதுறேன்.

1. 8 அங்குலத் திரை தாராளம். 11 அங்குலம் கிட்டத்தட்ட அரை கிலோ வரும். சின்னது 350 கிராம் பக்கம்தான். கடையிலேயே ஒரே கையில அஞ்சு நிமிஷம் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, எது வேணும்னு மணிக்கட்டு சொல்லிடும்.

2. கேரளா-தமிழ்நாடு எல்லையில இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு எதை வாங்கினாலும் 'அந்தப் பக்கம் மலிவா இருக்குமோ'னு ஒரு நினைப்பு உண்டு. பெட்ரோலுக்கு அது சரி. டேப்புக்கு 2017 ஜூலை 1-லேர்ந்து ரெண்டு பக்கமும் ஒரே ஜிஎஸ்டி, 18 சதவீதம். அதனால வரியை நினைச்சு களியக்காவிளைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலையாதீங்க. எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்கு ஒரே பஸ்ல போய்வரலாம்னு பார்த்து, அங்கே சர்வீஸ் இருக்கிற கம்பெனியா வாங்குங்க. ஓணம் வரைக்கும் பொறுக்க முடிஞ்சா தள்ளுபடியும் கிடைக்கும்.

3. மலிவா கிடைக்கிற வைஃபை மட்டும் உள்ள டேப் சிலதுல ஜிபிஎஸ் சிப்பே இருக்காது. வீட்டோட இடத்தைக் குறிக்கச் சொல்ற சர்வேக்கு அது விளக்கில்லாத டார்ச். வாங்குறதுக்கு முன்னாடி ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையையும் அணைச்சுட்டு, கடை வாசல்ல திறந்த வானத்தடியில மேப்பைத் திறங்க. நாலஞ்சு நிமிஷத்துல நீலப் புள்ளி வந்து நின்னா சிப் இருக்கு.

4. ரப்பர் விளைக்குள்ள நின்னு இடம் குறிச்சா புள்ளி பக்கத்து வீட்டுல போய் உட்காரும். முற்றத்துக்கு வந்து, துல்லியம் 10 மீட்டருக்குக் கீழே இறங்குற வரை நின்னு அப்புறம் சேமிங்க. அம்பூரி மலைப்பக்கம் போனா இதுக்குன்னே கூடுதல் நேரம் வச்சுக்குங்க.

5. பெட்டியில ஐபி-னு போட்டு ரெண்டு இலக்கம் இருக்கும்: முதல் இலக்கம் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. ஐபி54 சாரல் தாங்கும், ஐபி68 முங்கினாலும் கொஞ்ச நேரம் தாங்கும். இடவப்பாதியும் துலா மழையுமா வருஷத்துல ரெண்டு தடவை நனையுற ஊர்ல ஐபி68 நல்லதுதான், ஆனா விலை கூட. நான் சாதா டேப்பும் நல்ல ஜிப்லாக் கவரும்னுதான் சமாளிக்கிறேன். கவர் மேலேயே விரலால தட்டலாம், வேலை செய்யும். ஒண்ணு மட்டும், தண்ணி புகுந்து கெட்டா வாரன்டி பெரும்பாலும் கைவிட்டுடும்.

6. திரையில நாலு துளி விழுந்தா போதும், தொடாத பட்டனெல்லாம் தானா அமுங்கி 'வீட்டுல கழிப்பறை இல்லை'னு பதிஞ்சுடும். பழைய தோர்த்துல கைக்குட்டை அளவுக்கு நாலு துண்டு வெட்டிப் பையில போடுங்க. இது ஈரம் நல்லா இழுக்கும்.

7. நனைஞ்ச டேப்பை அரிசிக்குள்ள புதைக்காதீங்க. எங்க வீட்டுல புதைச்சோம். மறுநாள் சார்ஜ் ஓட்டையில தவிடு அடைஞ்சு, குண்டூசியால நோண்டி, இருந்த உயிரும் போச்சு. ஐபோனை அரிசியில போடாதீங்கன்னு ஆப்பிள் கம்பெனியே சொல்லியிருக்கு. உடனே அணைச்சு, துடைச்சு, ஓட்டை கீழே பார்க்குற மாதிரி சாய்ச்சு, ஃபேன் காத்துல ஒரு நாள் விடுங்க. அதுவரை சார்ஜ் போடாதீங்க.

8. எல்லைக்காரங்களுக்கு மட்டுமேயான தொல்லை ஒண்ணு: டவர். இஞ்சிவிளை, பனச்சமூடு பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில கேரளா, அதே வீட்டு அடுக்களையில தமிழ்நாடு. டெலிகாம் வட்டம் மாறினதும் ரோமிங்னு காட்டும், நெட் நிக்கும். செட்டிங்ஸ்ல 'டேட்டா ரோமிங்'கை முதல்லயே ஆன் பண்ணி வச்சா பாதித் தலைவலி தீரும். மீதிப் பாதி பேட்டரி. டவரைத் தேடித் தேடியே அது கரையும். ஓடிகே, கோபோ மாதிரி சர்வே ஆப் நெட் இல்லாமலே படிவத்தைச் சேமிச்சுக்கும். அதனால பகல் முழுக்க ஏரோப்ளேன் மோடு, சாயங்காலம் வீட்டுல வந்து மொத்தமா அனுப்புறது. ஜிபிஎஸ் ஏரோப்ளேன் மோடுலயும் வேலை செய்யும், பயப்படாதீங்க.

9. ரேம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி இருந்தா போதும்; அதுக்கு மேல கொடுக்குற காசு பிள்ளைங்க விளையாடுறதுக்குத்தான். கேமராவுல படத்தோட அளவைக் குறைச்சு வைங்க. படம் ஒண்ணு 3 எம்பி, வீட்டுக்கு நாலு, நாளுக்கு 25 வீடுன்னா தினம் 300 எம்பி ஆகுது, ராத்திரி அனுப்புறது யாரு?

10. பழைய ஆண்ட்ராய்டு டேப்ல மலையாளச் சில்லெழுத்து கட்டம் கட்டமா தெரியும். வாங்கும்போதே மலையாளம், தமிழ் ரெண்டு கீபோர்டையும் போட்டு ஒரு பேர் அடிச்சுப் பாருங்க. நம்ம பக்கம் அம்மச்சி தமிழ்ல பேர் சொல்லுவாங்க, ரேஷன் கார்டுல மலையாளத்துல இருக்கும். கார்டுல உள்ள எழுத்தையே பார்த்து அடிக்கிறது பின்னால வர்ற சண்டையைத் தவிர்க்கும். 'விளை'யில முடியுற வீட்டுப் பேரை மட்டும் ரெண்டு தடவை கேட்டுக்குங்க.

11. பழசு வாங்கினா தப்பில்லை, ஆனா திருட்டு டேப்பான்னு பார்த்துக்கணும். சிம் போடுற டேப்னா செட்டிங்ஸ்ல ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து எழுதிக்குங்க. கேஒய்எம்-னு ஆங்கில எழுத்துல அடிச்சு, ஒரு இடம் விட்டு அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா விவரம் வரும். அப்படியே கால் மணி நேரம் வீடியோ ஓட விடுங்க, பேட்டரி மடமடன்னு இறங்கினா விற்கிறவருக்கே திருப்பிக் கொடுத்துடுங்க.

12. சார்ஜ் ஓட்டை டைப்-சியா இருக்கட்டும். வீட்டுல எல்லாருக்கும் ஒரே வயர். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒண்ணு போதும், சின்ன டேப்புக்கு ஒரு தடவை முழுசா ஏறிக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். காத்தடிச்சா கரண்டு போற ஊரு, முந்தின நாளே ஏத்தி வைங்க.

13. வெயில்ல கண்ணு கூசினா திரை வெளிச்சத்தைக் கூட்டாதீங்க, ஓட்டுக்கூரை நிழலுக்கு நகருங்க. சூடாகித் தானா அணைஞ்ச டேப்பை ஃப்ரிட்ஜுக்குள்ள மட்டும் வைக்காதீங்க, உள்ளே வேர்க்கும்.

14. கவருக்கு எண்ணூறு ஆயிரம் செலவு வேண்டாம். பழைய ஜீன்ஸ் கால்ல உறை தைச்சு, உள்ளே பழைய போர்வைத் துண்டு வச்சு, தோள்ல மாட்ட ஒரு பட்டை. நாத்தனார் அரை மணி நேரத்துல தைச்சது மூணு வருஷமா ஓடுது. பட்டையை ரெண்டு மடிப்பா தைங்க, முதல்ல தைச்சது பாறசாலை பஸ் ஸ்டாண்டுலயே அறுந்துச்சு.

15. சாப்பாட்டுப் பாத்திரமும் டேப்பும் ஒரே பையில வேண்டாம், மூடி எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் சரி. வீட்டுக்காரங்க மரச்சீனியும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் தந்தா, டேப்பை உறைக்குள்ள போட்டுப் பட்டனும் மாட்டிட்டு, அப்புறமா தட்டை வாங்குங்க. நான் ஒருநாள் அவசரத்துல மாத்திச் செஞ்சேன். அன்னைக்கு மிச்சம் பதினொரு வீட்டையும் எண்ணெய் விரலோடதான் முடிச்சேன்.