செயலியை நீக்கினால் அனுமதி நீங்குமா?

விளாங்குடியில் எங்கள் பள்ளியில் கல்வி உதவித்தொகைப் பணி நடந்துகொண்டிருந்த ஒரு மாலை. ஏழாம் வகுப்பு ஆசிரியை தம் கூகுள் டிரைவில் மாணவர்களின் சாதிச் சான்று, ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றைத் தேடிக்கொண்டிருந்தார். அப்படியே அவரது கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தையும் திறந்து பார்த்தோம். படங்களைப் பிடிஎஃப் ஆக்கும் செயலி ஒன்றுக்கு, டிரைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பார்க்க, திருத்த, அழிக்க அனுமதி இருந்தது.

"அதைப் போன வருஷமே அழிச்சுட்டேனே சார்!" என்றார்.

அவர் அழித்தது போனில் இருந்த செயலியை. அனுமதியோ கூகுள் கணக்கில் பதிவாகியிருப்பது. வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். சாவியைத் திருப்பித் தரவில்லை. கடவுச்சொல்லை மாற்றினாலும் இந்த அனுமதி தானாக நீங்கிவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது.

இஎஸ் ஃபைல் எக்ஸ்புளோரர் நம்மில் பலர் பயன்படுத்திய செயலி. போனில் உள்ள கோப்புகளோடு டிரைவ், டிராப்பாக்ஸ் கோப்புகளையும் ஒரே இடத்தில் காட்டும். அதே வைஃபையில் இணைந்திருக்கும் வேறொருவர் நம் போனிலுள்ள கோப்புகளை எடுக்கக்கூடிய ஓட்டை அதில் இருப்பது 2019 ஜனவரியில் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கேம்ஸ்கேனரின் விளம்பரப் பகுதிக்குள் தீங்கு நிரல் இருந்ததைக் காஸ்பர்ஸ்கை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் இவ்விரண்டும் உண்டு. கோடிக்கணக்கானோர் வைத்திருக்கிறார்கள் என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

2017 மே மாதம் நடந்தது இன்னும் நுட்பமானது. 'கூகுள் டாக்ஸ்' என்றே பெயர் வைத்துக்கொண்ட போலிச் செயலி, தெரிந்தவர் அனுப்பிய மின்னஞ்சல் போல வந்தது. யாரிடமும் கடவுச்சொல் கேட்கவில்லை. 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தியதே போதுமானதாக இருந்தது.

ஆகவே அந்தப் பொத்தானுக்கு முன் வரும் வரிகளை நின்று படிக்க வேண்டும். 'இந்தச் செயலியில் நீங்கள் பயன்படுத்தும் கோப்புகள் மட்டும்' என்றால் ஓரளவு ஏற்கலாம். 'எல்லாக் கோப்புகளும்' என்றால், ஒரு பிடிஎஃப் செய்ய இவ்வளவு எதற்கு? டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது. பெரும்பாலும் வேறொன்று தேவைப்படுவதில்லை.

ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பப் பெற: போனின் அமைப்புகளில் கூகுள், அதில் கணக்கை நிர்வகித்தல், பாதுகாப்பு, மூன்றாம் தரப்புச் செயலிகளுடனான இணைப்புகள். தெரியாத பெயரைத் தொட்டு இணைப்பை நீக்கிவிடலாம். ஐந்து நிமிட வேலை.

கோப்புகள் நம்முடையவை அல்ல என்பதுதான் என் கவலை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறைவடையாதவர் குழந்தை. பிளஸ் டூ மாணவர்களில் பெரும்பாலோரும் அதில் அடங்குவர்.

அன்று மாலை அலுவலக அறையில் இருந்த ஆறு பேரும் பார்த்தோம். ஒருவர் பட்டியலும் காலியாக இல்லை. ஆசிரியை இணைப்பை நீக்கியதோடு, முந்தைய ஆண்டுகளின் வங்கி நகல்களையும் அழித்தார். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும் என்றதும் அதையும் காலி செய்துவிட்டே பேருந்துக்குக் கிளம்பினார்.