வாழ்க்கை வரலாறு படிப்போம், கேள்வி கேட்டுப் படிப்போம்!

இந்த மாதச் சுவர் இதழில் நாம் பார்க்கப் போவது ஒரு பாடம். பரீட்சைக்கு வராது, ஆனால் வாழ்க்கைக்கு வரும்.

ஒருவருடைய வாழ்க்கையை இன்னொருவர் எழுதினால் அது வாழ்க்கை வரலாறு. அவரே எழுதினால் சுயசரிதை. நான் இந்த வருடம் படித்தவை வெளிநாட்டில் இருந்து நம்ம தமிழ்நாட்டுக்கு வந்த கிறிஸ்தவ மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறுகள். "உனக்கு எதுக்குடி அந்தப் புத்தகம், மதம் மாறப் போறியா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். எங்க வீட்டில் மாரியம்மனைத்தான் கும்பிடுறோம், இப்பவும் கும்பிடுறோம். காந்தி தாத்தா கதை படிக்கிற மாதிரிதான் இதையும் படித்தேன். யாரைப் பற்றிப் படித்தேன், எப்படிப் படிக்கணும் என்று இரண்டையும் எழுதுகிறேன்.

1. ஐடா ஸ்கடர் அம்மையார் (1870–1960)

நம்ம பக்கம் யாருக்காவது பெரிய வியாதி வந்தால் "வேலூருக்குத் தூக்கிட்டுப் போங்க" என்று சொல்வார்கள் இல்லையா? அந்த வேலூர் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர் இவர்தான்.

ஐடா பிறந்தது நம்ம ராணிப்பேட்டையில், 1870 டிசம்பர் 9. தாத்தா, அப்பா எல்லாருமே மிஷனரி டாக்டர்கள். ஆனால் ஐடாவுக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை. அமெரிக்காவில் படித்து, அங்கேயே கல்யாணம் செய்து இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கே ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேருடைய மனைவிக்கும் பிரசவ வலி, குழந்தை பிறக்காமல் கஷ்டப்படுகிறார்கள். ஐடா, "எங்க அப்பா டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். ஆம்பளை டாக்டர் எங்க வீட்டுப் பொம்பளையைப் பார்க்கக் கூடாது என்று மூன்று பேருமே சொல்லிவிட்டார்கள். ஐடா அப்போது டாக்டர் இல்லை. விடிந்து பார்த்தால் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு வயது 14.

இந்தப் பக்கத்தை நான் எங்க ஆயாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தவங்க, "எங்க அக்காவும் அப்படித்தான் போனா. ரெண்டு நாள் வலி. மாட்டு வண்டி கட்டினாங்க, வண்டி பாதி தூரம் கூடப் போகல" என்றார்கள். ஆயாவுக்கு ஒரு அக்கா இருந்த விஷயம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் வாங்கி, 1900 ஜனவரியில் திரும்பி வந்தார். வேலூரில் தன் வீட்டில் ஒரு சின்ன அறையில் ஒரே ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார். 1902இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1909இல் நர்ஸ் பள்ளி. "நான் ஒருத்தி எத்தனை பேரைப் பார்க்க முடியும்? நம்ம ஊர்ப் பெண்களே டாக்டர் ஆகணும்" என்று நினைத்து 1918இல் பெண்களுக்கு மட்டும் மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் யார் வந்து படிக்கப் போகிறார்கள் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். ஆனால் இடத்தை விட அதிகமாக விண்ணப்பம் வந்தது. 1922இல் முதல் செட் மாணவிகள் படித்து முடித்து வெளியே வந்தார்கள். அந்தக் கல்லூரியில் ஆண்களைச் சேர்த்தது 1947இல்தான். பெண்களுக்கு ஆரம்பித்த கல்லூரியில் ஆண்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்!

"டாக்டர் ஐடா, இந்தியா" என்று மட்டும் விலாசம் எழுதிய ஒரு கடிதம் கூட அவருக்குச் சரியாக வந்து சேர்ந்ததாம். டோரதி கிளார்க் வில்சன் என்பவர் எழுதிய இவருடைய வரலாறு 1959இல் வந்தது.

2. கொல்லிமலை பிராண்ட் குடும்பம்

நம்ம தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தோடுதான் இருந்தது. கொல்லிமலையும் அப்போது அதே சேலம் மாவட்டம்தான். அந்த மலையில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற கணவன் மனைவி குடியிருந்து வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்துவிட்டார். ஈவ்லின் ஊருக்குத் திரும்பிப் போய்விடவில்லை. வயதாகி மிஷன் வேலையில் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விட்டு இறங்கவில்லை. கல்ராயன் மலைக்கும் போனார். குதிரையிலும், விழுந்து எலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் குச்சி ஊன்றியும் ஊர் ஊராகப் போனார். 1974இல் 95 வயதில் இறந்தார்.

அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்தவர். 1946இல் வேலூருக்கு டாக்டராக வந்தார். அப்போது தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழுந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பால் பிராண்ட் கவனித்துப் பார்த்துச் சொன்னது வேறு. நோயால் கை காலில் உணர்ச்சி போய்விடுகிறது. வலி தெரியாததால் சூடு பட்டாலும் முள் குத்தினாலும் தெரியாமல் புண் மேல் புண் ஆகிறது. ராத்திரி தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாதாம்! அதனால் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். மடங்கிப் போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். வலி கூட நமக்கு ஒரு காவல்காரன் என்று இதில் இருந்து தெரிந்துகொண்டேன்.

3. தமிழ் படித்தவர்கள்

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். 1715இல் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். 36 வயதில் இறந்துவிட்டார். ஜி.யு. போப் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1886இல் வெளியிட்டார். 1900இல் திருவாசகத்தையும் மொழிபெயர்த்தார். கிறிஸ்தவப் பாதிரியார் சிவபெருமான் பாட்டை மொழிபெயர்த்தார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

எப்படிப் படிக்க வேண்டும்?

வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் அவர் மேல் பிரியம் வைத்துத்தான் எழுதுவார்கள். அதனால் நாம் இந்த ஐந்து கேள்வியைக் கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.

அ) இது நடந்ததா, சொல்லிக்கொண்டதா? போப் கல்லறையில் "ஒரு தமிழ் மாணவன்" என்று எழுதச் சொன்னார், அப்படியே எழுதியிருக்கிறது என்று மேடையில் பேசுவார்கள். ஆக்ஸ்போர்டில் உள்ள அந்தக் கல்லில் அந்த வரி இல்லை. தமிழ், தெலுங்கு கற்பித்தவர் என்றும், குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றும்தான் இருக்கிறது. உண்மையே பெருமையாக இருக்கும்போது கதை எதற்கு?

ஆ) யார் பெயர் இல்லை? ஒரு டாக்டர் தனியாக ஆஸ்பத்திரி நடத்த முடியாது. மருந்து கலக்கியவர், வண்டி ஓட்டியவர், துணி துவைத்தவர், தமிழ் சொல்லிக்கொடுத்தவர் எல்லாரும் நம்ம ஊர்க்காரர்கள். புத்தகத்தில் அவர்கள் பெயரைத் தேடுங்கள். பல இடத்தில் கிடைக்காது.

இ) எதற்காக வந்தார்கள்? தங்கள் மதத்தைச் சொல்லத்தான் வந்தார்கள், அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் வைத்தியத்துக்கு வந்தவர்களிடம் நீ எந்தச் சாமி என்று பார்த்து மருந்து கொடுத்தார்களா? இரண்டையும் சேர்த்துப் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஈ) நம்மைத் தாழ்வாக எழுதியிருக்கிறதா? சில புத்தகத்தில் நம்ம ஜனங்களை ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி எழுதியிருப்பார்கள். அந்த இடத்தில் பென்சிலில் கோடு போடாதீர்கள் (நூலகப் புத்தகம்!), நோட்டில் குறித்து வையுங்கள்.

உ) இது எனக்கு என்ன சொல்லுது? இதுதான் முக்கியமான கேள்வி.

எனக்குச் சொன்னது

அந்த 14 வயதுப் பெண்ணுக்குப் புத்தகத்தில் பெயர் இல்லை. எனக்கும் 14 வயதுதான். நம்ம மாவட்டத்தில் பெண் குழந்தை பிறந்தால் வேண்டாம் என்று நினைத்த காலம் இருந்தது. அதற்காகத்தான் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்து, பிறகு தர்மபுரிக்கும் வந்தது. இப்போது 108 வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. தர்மபுரியிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் இடம் 2020 முதல் தனியாகக் கொடுக்கிறார்கள்.

எல்லாம் வந்துவிட்டது, ஆனால் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால் வகுப்பில் ஒரு இடம் காலியாக இருக்குது. "மாமன் வீட்டுக்குப் போயிட்டா" என்று சொல்லுறாங்க. 18 வயதுக்கு முன்னால் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். 1098க்கு போன் செய்தால் உதவிக்கு வருவார்கள், காசு கிடையாது. ஐடா அம்மையார் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே போக நாம் பள்ளிக்கூடத்தில் இருக்கணும் இல்லையா?

படித்துப் பாருங்கள்

• 6, 7ஆம் வகுப்புத் தம்பி தங்கைகள்: சீகன்பால்கு. சின்னக் கதை.
• 8ஆம் வகுப்பு: பால் பிராண்ட். அறிவியல் பாடத்துக்கும் உதவும்.
• 9, 10 அக்காக்கள்: ஐடா ஸ்கடர். அண்ணன்களும் கட்டாயம் படிக்கணும். கதவைத் தட்டிய மூன்று பேரும் ஆண்கள்தானே!

பள்ளி நூலகத்தில் இல்லை என்றால் கிளை நூலகத்தில் கேளுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் பதிலுக்கு ஒரு கதை சொல்வார்கள், அதை எழுதி வையுங்கள். அதுவும் வாழ்க்கை வரலாறுதான்.

அருஞ்சொற்பொருள்
மிஷனரி – மதப் பணிக்காக வேறு ஊர் போனவர்
ஏற்பாடு – பைபிளின் ஒரு பெரும் பகுதி
விண்ணப்பம் – மனு

சிந்தித்து எழுதுக
1. ஐடா ஏன் தான் மட்டும் டாக்டராக இருந்தால் போதாது என்று நினைத்தார்?
2. வலி இல்லாமல் இருப்பது நல்லதா? காரணம் கூறு.
3. உங்கள் ஊரில் பிரசவம் பார்த்த பாட்டி யார்? அவரைக் கேட்டு 10 வரி எழுதுக.

மூன்றாவது கேள்விக்கு வரும் நல்ல விடைகளை அடுத்த மாதச் சுவர் இதழில், பாட்டியின் பெயரோடு எழுதுவோம்.

– 9ஆம் வகுப்பு மாணவி