சித்தப்பாவும் கருப்பனும்: தெரப்பி நாய்கள் பற்றி ஒரு பாடம்

இந்த மாதப் பாடத்துக்கு 'போதைப்பொருளும் நம் சமூகமும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் அதை ஒரு நாயிலிருந்து ஆரம்பிக்கப் போறேன். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

2007-இல் எனக்குப் பன்னிரண்டு வயசு. சித்தப்பா மறுவாழ்வு மையத்திலிருந்து வீட்டுக்கு வந்தார். ஊசி வழியா ஹெராயின் எடுத்தவர். எச்.ஐ.வி.யும் இருந்தது. பாட்டி அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை எடுத்து வைத்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் அவர் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தால், ஏதோ வேலை இருப்பது போல ஒவ்வொருத்தரா எழுந்து போயிடுவோம். நானும்தான். அதே வருஷம் கோயில் பேச்சுப் போட்டியில், நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று நின்ற தர்மரைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கினேன். அதை இப்ப நினைச்சாலும் கூச்சமா இருக்கு.

எழுந்து போகாதது கருப்பன் ஒன்றுதான். எங்க வீட்டு நாய். அவர் காலில் தலையை வைத்துப் படுத்துக்கும். ஒரு நாள் சாயங்காலம் சமையலறை ஜன்னல் வழியா அவர் பேசுவது காதில் விழுந்தது. "கருப்பா, நாளைக்கு மருந்து வாங்கப் போகணும்டா. போகவே பிடிக்கல. அங்க ஒருத்தரும் என் மூஞ்சைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறாங்க." எங்ககிட்ட அவர் இப்படிப் பேசியதே இல்லை. நான் கேட்டதை யாருகிட்டயும் சொல்லல. அவர் மருந்துக்குப் போவது குறைஞ்சது, பிறகு நின்னே போச்சு. மூன்று வருஷத்தில் இறந்துட்டார்.

சமூகப்பணி படிக்கும்போதுதான் கனடாவின் சஸ்கட்சுவான் மாநிலத்தைப் பற்றிப் படித்தேன். அந்த நாட்டிலேயே எச்.ஐ.வி. விகிதம் பல ஆண்டுகளாக அதிகமா இருந்த மாநிலம் அது. முக்கியக் காரணம் போதை ஊசியைப் பகிர்வது. அங்கே சஸ்கட்டூன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் காலீன் டெல் என்ற சமூகவியல் பேராசிரியர், போதையிலிருந்து மீள்கிறவர்களுக்கு நாய்கள் எப்படி உதவுகின்றன என்று ஆராய்ந்து வருகிறார். அவருடைய புல்டாக் ஆனா-பெல்லும் ஒரு தெரப்பி நாயாக இருந்தது. அந்த ஊரில் சிறைக்கைதிகளுக்கான மனநல மையம் ஒன்று இருக்கிறது. அதற்குள்ளேயே நாய்களைக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். கைதிகள் முதலில் நாயிடம் ஒட்டினார்கள். அந்த ஒட்டுதல் வழியாக, கூட இருந்த சிகிச்சையாளரிடம் மனம்விட்டுப் பேசுவது அவர்களுக்குச் சுலபமாச்சு.

இது புதுசில்லை. நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை மனநல நிபுணர் இருந்தார். ஒரு நாள் ஒரு தாய் தன் பையனை நேரத்துக்கு முன்னாடியே கூட்டி வந்துட்டார். அறையில் லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் இருந்தது. ஒதுங்கியே இருந்த பையன் நாயோடு ஒட்டிக்கொண்டான். அப்புறம்தான் லெவின்சன் பக்கம் வந்தான். 1961-இல் லெவின்சன் இதைச் சக நிபுணர்களிடம் சொன்னபோது சிலர் கேலி செய்தார்கள். அடுத்த வருஷம் கட்டுரையாகவே எழுதிட்டார்.

நாய் அப்படி என்னதான் செய்யுது? உடம்பளவில் கொஞ்சம் தெரியும். 2019-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. 249 மாணவர்கள். நாய், பூனைகளை 10 நிமிடம் தடவிக் கொடுத்தவர்களுக்கு, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. போதையை விட்ட முதல் மாதங்களில் தூக்கம் வராது, படபடப்பு, பழைய ஆசை தலைதூக்கும். அந்த நேரத்தில் 10 நிமிட அமைதி சின்ன விஷயமில்லை.

ஆனா என் கணக்கில் பெரிய விஷயம் வேற. போதைப்பித்தரோ, தொற்று இருக்குமோ என்று பயப்படுகிறவரோ, கஷ்டப்படுவது கிளினிக் வாசலைத் தாண்டத்தான். உள்ளே போனால் பெயர், ஃபைல், பார்வை. நாய்க்கு ஃபைல் தெரியாது. நாயைப் பார்க்க வந்தவர் உட்காருகிறார், உட்கார்ந்தவர் பேசுகிறார், பேசினவரிடம் "ரத்தப் பரிசோதனை பண்ணிக்கலாமா அண்ணே" என்று கேட்க முடிகிறது. அவ்வளவுதான் நாயின் வேலை. மிச்சம் மனுஷங்க செய்யணும்.

மெத்தடோன் மருந்தை நாய் கொடுக்காது. நம் நாட்டில் மெத்தடோன் திட்டம் 2005-இலும் ஊசி மாற்றுத் திட்டம் 2006-இலும் தொடங்கின. மெத்தடோன் வாயில் குடிப்பது. ஊசி தேவைப்படாததால் தொற்று அபாயமும் குறைகிறது. எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்கா எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சு அப்படியே இருந்தால், உடலுறவு வழியாக மற்றவருக்குப் பரவாது. தட்டிலோ குவளையிலோ அது எப்போதும் பரவியதே இல்லை, பாட்டி.

இதைப் படிச்சிட்டு உங்க வீட்டு நாயைத் தூக்கிக்கிட்டு நேரா மறுவாழ்வு மையத்துக்குப் போயிடாதீங்க. எல்லா நாயும் தெரப்பி நாய் ஆகாது. சத்தத்துக்கு மிரளாத, மேலே தாவாத, முன்பின் தெரியாதவர் கட்டிப்பிடித்தாலும் பொறுத்துக்கொள்கிற நாயா என்று சோதித்துத்தான் சேர்ப்பார்கள். தடுப்பூசி கட்டாயம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு நாய்க்கடியும் கீறலும் ஆபத்து. தொட்ட பிறகு கை கழுவணும். நாய்க்கும் அலுப்பு உண்டு. அடிக்கடி கொட்டாவி விட்டாலோ, உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அதை வெளியே கூட்டிப் போகணும்.

இன்னொன்று. நம் நாட்டு மையங்களில் முஸ்லிம் நண்பர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நாயின் எச்சில் பட்டாலோ, ஈரத்தோடு நாயைத் தொட்டாலோ அவர்கள் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்யணும். நாய்க்கு பயப்படுகிறவர்களும் இருப்பார்கள். அதனால் தனி அறை, முன்கூட்டியே அனுமதி, வேண்டாம் என்றவரை வற்புறுத்தாமை, இதெல்லாம் இல்லாமல் இங்கே நடத்தக் கூடாது. நடத்தவே முடியாத இடங்களும் இருக்கும். அங்கே கருப்பன் செய்ததை யார் செய்வது என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

வகுப்பில் பேச: உங்க வீட்டுக்கு இப்படி ஒருத்தர் திரும்பி வந்தால், முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் யார் உட்காருவாங்க? அவர் மருந்து வாங்கப் போற நாளில் கூடப் போவது யார்? பெயரைச் சொல்லிப் பதில் சொல்லுங்க, "எல்லாரும்" என்று சொல்லாதீங்க.