மடு மரமும் அதனை வளர்க்கும் முறையும்

கலேவெலப் பகுதியில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்கு, சிங்கள மொழியில் ‘மடு’ என்று வழங்கும் மரம் புதியதன்று. தோற்றத்தில் சிறு பனையைப் போன்றிருப்பினும் இது பனையினத்தைச் சேர்ந்ததன்று. பூப்பூவாது விதை தரும் சைக்கசு என்னும் மிகப் பழைய தாவர இனத்தைச் சேர்ந்தது. இலங்கையில் இரு வகைகள் இயற்கையாக வளர்கின்றன. உலர் வலயத்தில் வளர்வது சைக்கசு நாத்தோர்சுட்டி. தென்மேற்குக் கரையோரத்தில் அரிதாகக் காணப்படுவது சைக்கசு சேலானிக்கா. முன்னையதை வீட்டுத்தோட்டத்தில் வளர்க்கும் முறையும், அதனால் நேரக்கூடிய தீங்கைத் தவிர்க்கும் வழியும் இங்கு கூறப்படுகின்றன.

நஞ்சு பற்றிய எச்சரிக்கை

இம்மரத்தின் எல்லாப் பாகங்களிலும் நஞ்சு உண்டு, விதையில் மிகுதி. இந்நஞ்சு சைக்கசின் எனப்படும். ஈரலைக் கெடுக்கும் தன்மையுடையது. குவாம் தீவின் சைக்கசு விதையை உண்ட எலிகளுக்குப் புற்றுநோய் உண்டானதை ஆராய்ச்சியாளர் 1963 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

நம் முன்னோர் விதையைச் சீவி, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, இடித்த மாவில் பிட்டும் ரொட்டியும் செய்தனர். குருத்திலையைக் கறியாகவும் சமைத்தனர். எனினும், ஊறவைத்தலால் நஞ்சு முற்றாக நீங்கியதா என்பதைக் கண்ணாலோ நாவாலோ அறிய இயலாது. ஆகவே உணவுக்காக இதனை வளர்த்தல் சிபாரிசு செய்யத்தக்கதன்று.

மாடுகள் இலையையோ விதையையோ தின்றால் பின்னங்கால்கள் வலுவிழந்து தள்ளாடும். இக்கேடு பெரும்பாலும் மாறுவதில்லை. ஆதலின் மாட்டுப்பட்டிக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் அருகில் இதனை நடலாகாது. வெட்டிய ஓலையைத் தீவனத்தோடு கலத்தலும் ஆகாது.

விதை தெரிதல்

இம்மரத்தில் ஆண், பெண் தனித்தனி. ஆண் மரம் உச்சியில் கூம்பு ஒன்றைத் தாங்கும். பெண் மரத்தில் இலை போன்ற செதில்களின் ஓரங்களில் விதைகள் உண்டாகும். அருகில் ஆண் மரம் இல்லாவிடின் பெரும்பாலான விதைகள் வெறுமையாகவே இருக்கும்.

முற்றிய விதையின் வெளிச்சதையைக் கையுறை அணிந்து நீக்குக. பின்னர் விதையை நீரிலிட்டு, மிதப்பனவற்றை விலக்கி, அமிழ்வனவற்றைக் கொள்க. கரையோர வகையின் நல்ல விதையும் மிதக்குமாதலின், இச்சோதனை அதற்குப் பொருந்தாது. கழுவிய நீரை ஆடு, மாடு, கோழிக்கு எட்டாத இடத்தில் குழி தோண்டி ஊற்றுக.

நாற்று

மணலும் மக்கிய கூட்டெருவும் கலந்த மண்ணை, நீர் வடியும் ஆழமான சாடியில் நிரப்புக. விதையைக் கிடையாக வைத்துப் பாதியளவு புதைத்து, நிழலில் வைக்கவும். மண் ஈரமாயிருத்தல் போதும். நீர் தேங்கினால் விதை அழுகும். முளைக்கச் சில மாதங்கள் செல்லும். எல்லா விதைகளும் ஒருங்கே முளைப்பதில்லை, பொறுமை வேண்டும். ஆணிவேர் நீண்டு இறங்குமாதலின், தாழ்ந்த சாடி உதவாது.

நடுதல்

இரண்டு மூன்று இலைகள் முதிர்ந்த கன்றைப் பெரும்போக மழை தொடங்கும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நடுக. வயலோரத் தாழ்நிலம் ஆகாது. வீட்டைச் சூழ்ந்த மேட்டு நிலமே நன்று. இரண்டடி ஆழக் குழி தோண்டி, மேல்மண்ணும் கூட்டெருவும் இட்டு, தண்டின் அடி மண்ணுள் புதையாதவாறு நடவேண்டும். மரத்துக்கு மரம் பத்தடி இடைவெளி விடுக. சிறுபோக வெயிற் காலத்தில் இளங்கன்றுக்கு நிழலும், வாரம் ஒருமுறை நீரும் தேவை.

மரத்தின் அடியில் பவளம் போன்ற வேர்கள் மேல்நோக்கி வளரும். அவற்றினுள் நீலப்பச்சை அல்கா வாழ்ந்து, காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்கு ஏற்றவாறு மாற்றித் தருகின்றது. நெல்வயல் நீரிலும் இவ்வல்கா வகைகள் இதே தொழிலைச் செய்வதைக் கமக்காரர் அறிவர். ஆதலால் அடிமண்ணை மண்வெட்டியால் கொத்தலாகாது. யூரியாவும் மிகுதியாக வேண்டியதில்லை.

பூச்சி

சிறு நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று குருத்திலையில் முட்டையிடும். அதன் புழுக்கள் இளம் ஓலை முழுவதையும் தின்றுவிடும். புது ஓலை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறையே தோன்றுமாதலின், ஒரு தாக்குதல் ஓராண்டு வளர்ச்சியைக் கெடுக்கும். குருத்து விரியும் நாட்களில் தினமும் பார்த்து, முட்டையையும் புழுவையும் கையால் அகற்றுக. மெல்லிய வலையாலும் மூடலாம்.

காட்டு மரத்தைக் காத்தல்

தோட்ட அழகுக்காகக் காட்டிலிருந்து வளர்ந்த மரத்தைப் பெயர்த்தெடுத்தல் தவறு. ஓராள் உயர மரம் உண்டாகப் பல பத்தாண்டுகள் செல்லும். பெயர்த்த மரம் பிழைக்காவிடின், அவ்விழப்பை நம் வாழ்நாளில் ஈடுசெய்ய இயலாது. சைக்கசு இனங்களின் ஏற்றுமதி, இறக்குமதி சர்வதேச உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

நினைவிற் கொள்க

1. விதையிலிருந்தே வளர்க்கவும்.
2. நீர் தேங்காத மேட்டு நிலத்தில் நடவும்.
3. மாடும் சிறுவரும் அணுகாதவாறு வேலியிடவும்.
4. விழுந்த விதைகளை உடனே பொறுக்கிப் பத்திரப்படுத்தவும்.